யென்னில் வாங்கிய கடல்

ரூனாரின் வலது கை தோளுக்கு மேலே போக மறுத்தது. அலமாரியின் மேல்தட்டிலிருந்து காப்பிக் கோப்பையை எடுக்க, இடது கையால் வலது முழங்கையைப் பிடித்து, படுத்த நோயாளியைத் தூக்குவது போலத் தூக்க வேண்டியிருந்தது. பாதி வழியிலேயே தோளுக்குள் ஏதோ ஒன்று கத்தி போலத் திரும்பியது. கோப்பையை விட்டுவிட்டு மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றான். பதினாறு வயதில் படகேறியவனுக்கு இப்போது நாற்பத்தாறு. ஆயிரங்கால் தூண்டிலை இழுக்க இயந்திரம் வந்துவிட்டது என்பது உண்மைதான். ஆனால் விளிம்புக்கு வரும் ஒவ்வொரு காட் மீனையும் கொக்கியால் குத்தி உள்ளே தள்ளுவது இன்றைக்கும் கைதான்.

"அந்தத் தோளக் கழட்டி மேசை மேல வெச்சுட்டுப் போ. வேலை முடிஞ்சு வந்து எண்ணெய் போட்டு வெக்கிறேன்" என்றாள் அவன் மனைவி ஸ்வாவா. மீன் ஆலைக்குப் போகும் ரப்பர் காலணியை மாட்டிக்கொண்டிருந்தவள், அதைக் கழற்றி வைத்துவிட்டு வந்து, கோப்பையை எடுத்துக் கொடுத்தாள்.

"நீ சிரி. இன்னும் ரெண்டு சீசன்தான். அப்புறம் படகை வித்துட்டு உன் பக்கத்துல நின்னு மீன் அறுக்க வேண்டியதுதான்."

"என் பக்கத்துல எடமில்ல. போலந்துப் பொண்ணுங்க நிக்கிறாங்க. உன்னவிட வேகமா அறுப்பாளுங்க."

சிரித்தான். ஆனால் அதில் சிரிக்க ஒன்றுமில்லை என்பது இருவருக்கும் தெரியும். 'க்ரீயா' என்ற அவனுடைய சின்னப் படகுக்கு இருந்த கோட்டா ஓர் ஆள் பிழைக்க மட்டுமே போதும். வருஷத்துக்கு இவ்வளவு மீன்தான் பிடிக்கலாம் என்று அரசாங்கம் எழுதிக் கொடுத்த உரிமை அது. வீடு மாதிரி விற்கலாம், வாங்கலாம். இன்னும் கொஞ்சம் கோட்டா வாங்கினால் கொக்கி பிடிக்க ஓர் ஆளை வைத்துக்கொண்டு, ரூனார் சுக்கானைப் பிடித்தால் போதும். தோள் பிழைத்துக்கொள்ளும். ஆனால் கோட்டா வாங்கக் கடன் வேண்டும். அந்தத் தீவு நாட்டுப் பணமான க்ரோனாவில் கடன் வாங்கினால் வட்டி நூற்றுக்குப் பதினைந்து. அவ்வளவு வட்டி கட்ட எத்தனை மீன் பிடிக்க வேண்டுமோ, அத்தனை மீனைக் குத்த அவனுக்குத் தோள் இல்லை.

அன்று காற்று பலமாக இருந்ததால் யாரும் கடலுக்குப் போகவில்லை. காற்று பலமாக இருக்கும் நாளில் ஊர் ஆண்கள் எல்லாரும் நீச்சல் குளத்தை ஒட்டிய சுடுநீர்த் தொட்டியில்தான் இருப்பார்கள். கழுத்துவரை தண்ணீர், தலை மேல் பனி. ரூனார் வலது தோளை நீர் பீறிடும் துவாரத்துக்கு நேராக வைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"இன்னும் க்ரோனாவுலதான் வட்டி கட்டுறியா?" என்று கேட்டான் கிஸ்லி. வண்டிப் பட்டறை வைத்திருப்பவன், வாய்க்காரன். "உன்ன எடுத்துட்டுப் போயி மியூசியத்துல வெக்கணும்டா."

"வேற எதுல கட்டுறது? உலர்மீன்லயா?"

"யென்னுல. என் புது ஜீப்பு யென்னு. ஜப்பான்காரன் வட்டியே கேக்க மாட்டேங்கிறான். நூத்துக்கு மூணு. அவன் ஊர்ல பணம் சும்மா தூங்குது."

"ஜப்பான்ல உனக்கு யாருடா தெரியும்?"

"என் ஜீப்பத் தெரியும், அது ஜப்பான்லதான் பொறந்துச்சு. போதாதா?"

தொட்டியே குலுங்கியது. ஆனால் அந்தச் சிரிப்பு அடங்கிய பிறகு ஒவ்வொருவராகச் சொன்னார்கள். பள்ளிக்கூடத்து வாத்தியார் வீட்டுக்கடன் பாதி ஸ்விஸ் பிராங்கு. கூட்டுறவுக் கடைக்காரன் புது உறைபனி அறை, யென். பக்கத்து ஊரில் ஒருத்தன் டிராக்டரைக்கூட. ரூனார் தோளை இன்னும் ஆழமாகத் தண்ணீருக்குள் இறக்கினான். தலையில் விழுந்த பனி உருகிக் காது வழியாக இறங்கியது. ஊரில் தான் ஒருவன் மட்டும் முட்டாளாக இருந்துவிட்டோமோ என்ற எண்ணம் தோள்வலியைவிட அதிகமாகக் குடைந்தது.

அது இரண்டாயிரத்து ஆறாம் வருஷத்துக் கடைசி.

வங்கிக்காரன் பிர்கிர், ரூனாரின் தம்பியோடு பந்து விளையாடியவன். காப்பி ஊற்றிக் கொடுத்துவிட்டு விஷயத்துக்கு வந்தான். "நாலு கோடி க்ரோனா மதிப்புக்கு யென்னா எழுதிக்கலாம். பழைய கடனையும் இதுலயே சேத்துக்கலாம். நீ க்ரோனாவுல சம்பாதிக்கிற, அதுல யென்ன வாங்கிக் கட்டுற. க்ரோனா ஏறினா உன் கடன் எளைக்கும்."

"எறங்கினா?"

"கொஞ்சம் ஊதும். ஏறும், எறங்கும். அலை மாதிரிதான். உனக்கு அலைய நான் சொல்லித் தரணுமா?"

அலை என்றதும் ரூனாருக்கு மனசு லேசாகிவிட்டது. அலை தெரியும். தெரிந்த ஒன்றைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டான்.

"படகும் கோட்டாவும் ஈடாப் பத்தல. கடனில்லாத வீடு ஒண்ணு கூட இருந்தா நல்லது. உன் வீடு ஏற்கனவே ஈட்டுல இருக்கு. வேற யாராவது சொந்தம், வேண்டியவங்க?"

வேறு யாரும் இல்லை, யோருன்தான். துறைமுகத்துக் கொட்டகையில் நின்றுகொண்டு க்ரீயாவின் தூண்டில்களுக்குக் கணவாய்த் துண்டு கோப்பவள். வயது அறுபதைத் தாண்டிவிட்டது, கல்யாணம் செய்துகொள்ளவில்லை. விறைத்த விரலால் முள் முள்ளாகக் கோத்துக் கூலி வாங்கி, வளைகுடாவின் ஓரத்தில் இருக்கும் தகரவீட்டின் கடனை முழுசாக அடைத்தவள். வீட்டுக் கூரைக்கு மூன்று கோடைக்கு ஒரு முறை தானே ஏணி போட்டு ஏறிச் சிவப்புச் சாயம் பூசுவாள். கீழே நின்று யாராவது ஏணியைப் பிடிக்கட்டுமா என்று கேட்டால், "நான் விழுந்தா உன் மேல விழணுமா? தள்ளி நில்லு" என்பாள்.

ரூனார் தாள்களை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனான். வாசலில் காலணியைக் கழற்றினான். அவள் காப்பி வடித்து, முறுக்கிப் பொரித்த க்ளைனாப் பலகாரத்தைத் தட்டில் கொட்டினாள்.

"எங்க போடணும் கையெழுத்து?"

"யோருன், இரு. இது என்னன்னா..."

"என் வீட்ட உன் கடனுக்கு ஈடு வெக்கிறேன். அதானே? எங்க அண்ணன் படகுக்கும் வெச்சேன். கூரை என்ன பறந்தா போச்சு?"

"இது கொஞ்சம் வேற மாதிரிக் கடன்."

"உன்ன எனக்குத் தெரியும் கண்ணு. கடன எனக்கு எதுக்குத் தெரியணும்?"

அந்த ஊரில் அப்படித்தான். வேண்டியவன் நீட்டும் தாளைப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுவது, நீ திருடன் என்று அவன் முகத்துக்கு நேரே சொல்வதற்குச் சமம். படிக்காமல் இருந்தது அவள் காட்டிய மரியாதை. அந்த மரியாதைக்குப் பதில், தானாகவே வாயைத் திறந்து சொல்வதுதான். இது யென், க்ரோனா விழுந்தால் கடன் வீங்கும், வீங்கினால் உன் வீடுவரை வரும் என்று மூன்று வாக்கியம். ரூனார் ஒரு க்ளைனாவை எடுத்து முழுசாக வாய்க்குள் போட்டுக்கொண்டான். வாய் நிறைய இருந்தால் பேச வேண்டியதில்லை.

அவள் கையெழுத்துப் போட்டாள். பேனாவில் கணவாய் வாடை ஒட்டிக்கொண்டது.

அடுத்த கோடையில் கடன் இளைத்தது. பிர்கிர் சொன்னபடியே இளைத்தது. வெளிநாட்டுப் பணமெல்லாம் அந்தத் தீவை நோக்கி ஓடி வந்தது. க்ரோனா ஏறிக்கொண்டே போனது. நாலு கோடியாக இருந்த கடன், ஒரு தவணைகூடப் பெரிதாகக் கட்டாமலே, மூணேகால் கோடிக்கு வந்து நின்றது. தோளுக்கு ஊசி போட்டுக்கொண்டு ரூனார் படுக்கையில் கிடந்த வாரத்திலேயே, இரண்டு மாதம் கடலில் கிடந்தாலும் கிடைக்காத தொகை அவன் கணக்கிலிருந்து கரைந்து போயிருந்தது.

"பாத்தியா? மீனே பிடிக்காம மீன் பிடிச்சிருக்கேன்" என்றான் ஸ்வாவாவிடம்.

"பிடிக்காத மீன எங்க கொண்டுபோய் எடை போடுவ?"

"பொறாம."

"ஆமா, பொறாம. எனக்கும் ஒரு நாள் படுத்துக்கிட்டே சம்பளம் வந்தா தேவல."

நல்லகாலம் உண்மையாகவே வந்தது. இல்லையென்று சொல்ல முடியாது. மாரெக் என்ற போலந்துக்காரன் கொக்கி பிடிக்க வந்து சேர்ந்தான். ரூனார் சுக்கானில் உட்கார்ந்து வந்தான். தோள் கொஞ்சம் கொஞ்சமாக மேலே போயிற்று; காப்பிக் கோப்பையைத் தானே எடுத்தான். அந்தச் சந்தோஷத்தில் இன்னும் கொஞ்சம் யென் வாங்கி இன்னும் கொஞ்சம் கோட்டா வாங்கினான். கிஸ்லி வைத்திருந்ததைவிட ஒரு விரல் உயரமான ஜீப்பும் வந்தது. முன்பெல்லாம் காலையில் எழுந்ததும் வானொலியில் வானிலை கேட்பான். இப்போது வானிலைக்கு முன்னால் யென் விலை கேட்டான்.

யோருனுக்கு ஒரு காப்பி இயந்திரம் வாங்கிக் கொடுத்தான். இத்தாலியில் செய்தது, பளபளவென்று வெள்ளி நிறம். பெட்டியை அவள் சமையலறையில் இறக்கி வைத்தான்.

"எதுக்குடா இது?" என்றாள் அவள். "என் கெட்டில் ஓட்டையா போச்சு?"

"நல்லது நடந்திருக்கு. நீயும் அனுபவிக்க வேணாமா?"

"என்ன நல்லது?"

"வருஷம் நல்லா போகுது" என்றான் ரூனார். அப்போதுகூடச் சொல்லியிருக்கலாம். லாபத்தில் இருக்கும்போது சொல்வது எவ்வளவு சுலபம்! அப்போதும் சொல்லவில்லை. அவள் பெட்டியைப் பிரிக்காமலே ஜன்னலோரம் தள்ளி வைத்தாள்.

அதற்கடுத்த மார்ச்சில் க்ரோனா விழ ஆரம்பித்தது. பிறகு வாங்கிய யென்னும் சேர, அந்த மாதம் முடிவதற்குள் கடன் ஐந்தரைக் கோடிக்கு ஏறிவிட்டது. சுடுநீர்த் தொட்டியில் பேச்சு மாறியது. எல்லாரும் கால்பந்து பேசினார்கள், முழங்கால் வலி பேசினார்கள், மகளின் திருமணம் பேசினார்கள். யென் என்ற சொல் தண்ணீருக்கு அடியில் போய்விட்டது.

மேசையில் வேகவைத்த மீனும் உருளைக்கிழங்கும் ஆறிக்கொண்டிருந்தன. ஸ்வாவா முள்கரண்டியைக் கீழே வைத்தாள்.

"வித்துடு."

"எத?"

"புதுக் கோட்டா அத்தனையும். கோட்டா வெல இன்னும் விழல. வித்தா கடன்ல பெரும்பகுதி அடையும். மிச்சத்த க்ரோனாவுல மாத்திக்கலாம். ஜீப்பையும் தள்ளிவிடு. பழைய படகு, பழைய கோட்டா, பழைய தோளு. நஷ்டம்தான். ஆனா நம்ம நஷ்டத்தோட போகும். யோருன் வீடு தப்பிக்கும்."

"இப்ப வித்தா ஊரே சிரிக்கும். புயல் நடுவுல எவனாவது கயித்த வெட்டுவானா? காத்து ஓயட்டும்."

"யென்னுக்கு நீ காத்துன்னு பேரு வெச்சா அது காத்தாயிடுமா?"

"முப்பது வருஷமா நான் காத்திருந்துதான் உயிரோட இருக்கேன் ஸ்வாவா. அவசரப்பட்டவனெல்லாம் எங்க இருக்கான்னு உனக்கே தெரியும்."

அவளுக்குத் தெரியும். கல்லறைத் தோட்டத்தில் பெயர் மட்டும் எழுதி, கீழே ஆள் இல்லாத கற்கள் ஏழு இருந்தன. அவள் தட்டுகளை அடுக்கிக்கொண்டு எழுந்தாள்.

ரூனார் கோழையும் இல்லை, பேராசை பிடித்தவனும் இல்லை. அவனைக் கெடுத்தது அவனுடைய நல்ல குணம்தான். கடலில் காற்று கிளம்பினால் கரையில் படகைக் கட்டிவிட்டுக் காத்திருக்க வேண்டும். நாள் போகும், கூலி போகும். படகு பத்திரமாக இருக்கும். எந்தக் காற்றும் ஒரு நாள் ஓய்ந்தே தீரும். இதை அவன் எலும்பு கற்றிருந்தது. ஆனால் இந்தக் காற்று படகைக் கட்டி வைத்தவனைத்தான் மூழ்கடித்தது. துறைமுகத்தில் அசையாமல் நின்ற க்ரீயாவுக்குள், கண்ணுக்குத் தெரியாமல், ஒவ்வொரு நாளும் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. அவன் காலையில் எழுந்து யென் விலை கேட்டான், ஓயும் என்றான், காப்பி குடித்தான்.

அக்டோபரில் நாட்டின் பெரிய வங்கிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சாய்ந்தன. தொலைக்காட்சியில் யார் யாரோ வந்து பொறுமையாக இருங்கள் என்றார்கள். கூட்டுறவுக் கடையில் மாவும் சர்க்கரையும் ஒரே நாளில் தீர்ந்தன. மாரெக், "என் சம்பளத்த ஊருக்கு அனுப்பினா பாதிதான் போய்ச் சேருது, கோச்சுக்காத கேப்டன்" என்று சொல்லிவிட்டு விமானம் ஏறிப்போனான். கடன் ஒன்பது கோடியைத் தாண்டிப் பத்தை நோக்கிப் போனது. அவன் வாங்கிய பணத்தைவிட இரண்டு மடங்கு. வாங்கிய பணமும் கையில் இல்லை. அது கோட்டாவாகி இருந்தது. அந்தக் கோட்டாவை இப்போது வாங்க ஆளில்லை.

ரூனார் தனியாகக் கடலுக்குப் போனான். காற்று இருக்கும் நாளிலும் போனான். மீனுக்கு விலை கூடியிருந்தது உண்மைதான். வெளிநாட்டுக்காரன் பவுண்டில் வாங்கும் மீன் அல்லவா! ஆனால் விலை நடந்து ஏறியது, கடன் ஓடி ஏறியது. கொக்கியை இடது கைக்கு மாற்றிக் குத்தினான். இடது தோளும் கத்த ஆரம்பித்தது. ஒருநாள் மீன் பெட்டியைக் கரையில் தூக்கி வைக்க முடியாமல் அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டான். எடைபோடும் கிழவர் பார்த்தும் பார்க்காததுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வசந்தத்தில் வங்கி க்ரீயாவை எடுத்துக்கொண்டது. கோட்டாவைத் தெற்கே ஒரு பெரிய கம்பெனி அடிமாட்டு விலைக்கு வாங்கியது. அதோடு கணக்கு முடியவில்லை. ரூனாரின் சொந்த வீடும் போன பிறகு, அடுத்து என்ன என்பதைப் பிர்கிர் தொலைபேசியில், தொண்டையைச் செருமிச் செருமிச் சொன்னான்.

"நீயே யோருன்கிட்ட சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

"நான் சொல்றேன்."

சொன்னான், போகவில்லை. இன்றைக்கு, நாளைக்கு என்று இரண்டு வாரம் ஓடியது. காற்று ஓயட்டும் என்ற பழக்கம் அவனை அப்போதும் விடவில்லை.

கடைசியில் ஒரு காலையில் கொட்டகைக்குப் போனான். யோருன் இப்போது வேறு படகுக்குக் கோத்துக்கொண்டிருந்தாள். தூண்டிலைத் தொட்டிக்குள் சுருட்டிச் சுருட்டிப் போட்டவள், தலை நிமிரவில்லை.

"யோருன், பாங்குலருந்து..."

"பிர்கிர் வந்து சொல்லிட்டான். பத்து நாளாச்சு."

ரூனார் குனிந்து, தரையில் சிதறிக் கிடந்த கணவாய்த் துண்டுகளைப் பொறுக்கி ஓரமாகப் போட்டான்.

"உனக்கு முன்னாடி பாங்குக்காரனுக்குத் தைரியம் வந்துருச்சு பாரு. சின்னப் பையனா இருந்தப்ப என் வேலிய ஒடச்சிட்டு ஓடினவன் அவன். அவனே வந்து உக்காந்து முகத்தப் பாத்துச் சொல்லிட்டுப் போனான்."

"நான் வேணும்னு செய்யல யோருன்."

"நான் அப்படிச் சொல்லவே இல்லயே." அவள் ஒரு முள்ளை எடுத்து, கணவாயைக் கோத்து, தொட்டியில் போட்டாள். "உன் படகுக்குத்தான் ஈடு குடுக்குறேன்னு நெனச்சேன். உன் தோளுக்கு. கடல எனக்குத் தெரியும். மீன் வரும், வராது. படகு திரும்பும், திரும்பாது. அதுல வீடு போனா போகட்டும்னுதான் குடுத்தேன். ஆனா நீ பிடிச்சது மீனில்ல. ஜப்பான் பணம் எந்தப் பக்கம் சாயும்னு பந்தயம் கட்டியிருக்க. என் கூரைய வெச்சு."

"நானும் அதப் பந்தயம்னு நெனக்கல. எல்லாரும் கடன்னுதான் சொன்னாங்க."

"நெனச்ச ரூனார்." முதல் தடவையாக அவள் நிமிர்ந்து பார்த்தாள். அந்தக் கண்ணில் கோபம்கூட இல்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. "உனக்கே தெரியும், அது பந்தயம்னு. இல்லன்னா எங்கிட்ட சொல்லியிருப்ப. நல்ல சேதிய யாரும் க்ளைனா போட்டு அடச்சுக்க மாட்டாங்க."

வீடு ஏலம் போனது வீட்டுக்குள்ளேயேதான். அங்கே வழக்கம் அது. மாவட்ட அதிகாரி, அவரோடு எழுத ஒரு பெண், வங்கிக்காகப் பிர்கிர், தெற்கிலிருந்து கோடைக்காலத்துக்கு வீடு தேடி வந்த ஒரு கணவன் மனைவி. எல்லாரும் வாசலில் காலணியைக் கழற்றிவிட்டுச் சமையலறையில் வெறும் காலுறையோடு நின்றார்கள். அதிகாரியின் காலுறையில் கட்டைவிரல் பக்கம் ஓட்டை. அவர் ஒரு காலை இன்னொரு காலின் மேல் வைத்து மறைத்துக்கொண்டே சட்ட வாசகத்தைப் படித்தார்.

யோருன் பழைய கெட்டிலில் காப்பி வடித்து எல்லாருக்கும் ஊற்றினாள். வீட்டைப் பிடுங்க வந்தவர்கள் என்பதற்காகக் காப்பி இல்லாமல் அனுப்ப அவளுக்குத் தெரியாது. யாராலும் மறுக்கவும் முடியவில்லை. தெற்கத்திப் பெண் காப்பியைக் குடித்துக்கொண்டே கூரைச் சாயத்தை அண்ணாந்து பார்க்க வெளியே போனாள். எழுபது லட்சத்துக்கு அவர்களுக்கே முடிந்தது. படித்து முடிக்கப் பிடித்த நேரத்தைவிடக் காப்பி குடித்து முடிக்க அதிக நேரம் பிடித்தது.

ரூனார் கதவோரம் நின்றிருந்தான். எல்லாரும் போன பிறகு யோருன் ஜன்னலோரம் இருந்த பெட்டியைத் தூக்கி வந்து அவன் காலடியில் வைத்தாள். இத்தாலியில் செய்த காப்பி இயந்திரம். ஒட்டுத்தாள்கூடப் பிரிக்கப்படவில்லை.

"வீட்டத்தான் எழுதிக் குடுத்தேன், இத இல்ல. எடுத்துட்டுப் போ."

"யோருன், நான் எப்படியாவது..."

"எப்படியாவது வேணாம். எப்படின்னு தெரிஞ்சப்புறம் பேசு."

அவளுக்கு மீன் ஆலையின் மாடியில், வெளியூர்த் தொழிலாளிகள் தங்கும் வரிசையில், ஓர் அறை கிடைத்தது. குளியலறை ஆறு பேருக்குப் பொது. ஜன்னலைத் திறந்தால் வளைகுடாவுக்கு அக்கரையில் அந்தச் சிவப்புக் கூரை நேராகத் தெரியும். அதனால் அவள் ஜன்னலைத் திறப்பதில்லை என்று ஸ்வாவா சொன்னாள். அதே வரிசையில், இரண்டு கதவு தள்ளி, ரூனாரும் ஸ்வாவாவும் குடியேறியிருந்தார்கள். ரூனார் ஆலையில் பெட்டி கழுவினான். அதற்குத் தோளைத் தூக்க வேண்டியதில்லை. காலையில் மூவரும் ஒரே படியில் இறங்கினார்கள். யோருன் ஸ்வாவாவோடு பேசுவாள். ரூனாரோடும் பேசுவாள், வானிலை பற்றி.

நகரத்தில் வழக்குகள் நடந்தன. க்ரோனாவில் கொடுத்துவிட்டு யென் விலையோடு முடிச்சுப் போட்ட கடன்களில் அந்த முடிச்சு செல்லாது என்று நீதிமன்றம் சொல்லி, பலருக்குக் கடன் குறைந்தது. கிஸ்லியின் ஜீப்புக் கடனும் அதில் தப்பித்தது. ரூனாரின் தாளில் கடன் தொகையே யென்னில் எழுதியிருந்ததாம், அதனால் செல்லும். படிக்காமல் கையெழுத்துப் போட்டது யோருன் மட்டும் இல்லை என்பது அவனுக்கு அன்றுதான் உறைத்தது.

இன்னொரு காற்று நாளில், சுடுநீர்த் தொட்டியில் கிஸ்லி பழையபடி வாயைத் திறந்தான்.

"இப்ப என்ன செய்யணும் தெரியுமா? க்ரோனா இன்னும் விழும்டா. யூரோ நோட்டா வாங்கி மெத்தைக்கு அடியில போட்டுடணும். பாங்குல தர மாட்டான், அரசாங்கம் தடை போட்டிருக்கு. எனக்கு ஒரு ஆளத் தெரியும். அடுத்த வருஷம் எடுத்தா ஒண்ணுக்கு ரெண்டு. போனதெல்லாம் திரும்பிடும்."

"வாங்கப் பணம் எங்க இருக்கு?" என்றார் வாத்தியார்.

"மாமியார்கிட்ட இருக்கு. நெலம் வித்த காசு."

ரூனார் நீர்த் துவாரத்திலிருந்து தோளை எடுத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தான். "மாமியார்கிட்ட என்னன்னு சொல்லி வாங்குவ?"

"பட்டறைக்குக் கூரை மாத்தணும்னு சொல்லிக்கலாம். அந்தக் கெழவிக்கு யூரோவெல்லாம் சொன்னா புரியுமா?"

யாரும் சிரிக்கவில்லை. பனி தண்ணீரில் விழுந்து விழுந்து காணாமல் போனது.

"புரியும்" என்றான் ரூனார். "சொன்னா புரியும். அதனாலதான் சொல்ல மாட்டேங்கிற. கேளு கிஸ்லி. யென்னு ஏறும், யூரோ ஏறும், எனக்கும் ஒரு வருஷம் ஏறிச்சு. படுத்துக்கிட்டே சம்பாதிச்சேன். அது பொய்யில்ல. ஆனா படுத்துக்கிட்டே சம்பாதிக்கிறவன் படுத்துக்கிட்டே எழப்பான். அது தெரியாதவன் தொடக்கூடாது. பந்தயம் கட்டணும்னா உன் சட்டையக் கழட்டி வெச்சுக் கட்டு. எழந்தா குளிரும், அவ்வளவுதான். நம்பிக் குடுத்தவங்க கூரைய வெச்சுக் கட்டாத. அவங்ககிட்ட அது பந்தயம்னு வாய் தொறந்து சொல்ல முடியலன்னா, அந்த எடத்துலயே விட்டுடு. அதுதான் நேரம். அதுக்கப்புறம் நேரம் வராது. நான் காத்திருந்து பாத்தேன்."

கிஸ்லி முகத்தில் வெந்நீரை அள்ளித் தெளித்துக்கொண்டான். தோற்றதைச் சமாளிக்கிற குரலில் சொன்னான்: "உனக்கென்ன, பேசுவ. படகு, வீடு, எல்லாத்தையும் பிடுங்கிட்டு பாங்கு உன்ன விட்டுருச்சு. இனி யாருக்கும் நீ ஒரு காசு தர வேண்டியதில்ல."

"பாங்குக்கு இல்ல" என்றான் ரூனார்.

குளத்தின் வேலிக்கு அப்பால், வளைகுடாவின் ஓரத்தில், ஆளில்லாத வீட்டின் சிவப்புக் கூரையில் பனி சேர்ந்துகொண்டிருந்தது. சாயம் வெளுத்திருந்தது. மூன்றாவது கோடை கழிந்துவிட்டது. பூச யாரும் ஏணி போடவில்லை.

"யோருனுக்கு ஒரு வீடு தரணும்."